மந்திரம் கேட்பது மனசையா, மவுசையா?

ஒருத்தியை வசியம் செய்யக் கிளம்பினான் ஒரு பள்ளி மாணவன். ஊரில் இருக்கிற பெண்கள் எல்லோரும் அவன்மேல் பித்தானார்கள், அந்த ஒருத்தியைத் தவிர! 1998-இல் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தது 'பஃபி' தொடர். நாலு வருடம் கழித்து அதே விஷயத்தை மறுபடி கையில் எடுத்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. இடையில் என்ன நடந்தது?

நரகத்துக்கு மேலே ஒரு பள்ளிக்கூடம்

அமெரிக்காவில் 'டபிள்யூ.பி.' என்றொரு சேனல் இருந்தது. 1995-இல் தொடங்கிய சின்ன சேனல். பெரிய சேனல்களோடு நேருக்கு நேர் மோத வலு இல்லாததால் பதின்வயதுப் பிள்ளைகளைக் குறிவைத்தது. 1997 மார்ச் 10-ஆம் தேதி, சீசனுக்கு நடுவே இடம் நிரப்புவதற்காக 12 அத்தியாயத் தொடர் ஒன்றை இறக்கினார்கள். பிறகு அந்தத் தொடரே சேனலின் முகமாகிவிட்டது. அதுதான் 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்'. ஐந்து சீசன் டபிள்யூ.பி.யிலும், கடைசி இரண்டு சீசன் யு.பி.என். சேனலிலும் ஓடி, 144 அத்தியாயங்களோடு 2003 மே 20-இல் முடிந்தது.

கதை நடப்பது கலிஃபோர்னியாவில் சன்னிடேல் என்கிற கற்பனை ஊரில். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நேர் கீழே நரகத்தின் வாய் இருக்கிறது. அதனால் பேய், பிசாசு, ரத்தக்காட்டேரி எல்லாம் அங்கேதான் வந்து குவிகின்றன. அவற்றை வேட்டையாடப் பிறந்தவள் பஃபி சம்மர்ஸ். பகலில் மாணவி, இரவில் கையில் மரக்கட்டையோடு கல்லறைத் தோட்டக் காவல்.

தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடனின் கதைச் சூத்திரம் எளிமையானது. பதின்வயதில் நாம் வாய்வார்த்தையாகச் சொல்லும் புலம்பலை அப்படியே நடந்ததாக வைத்துக்கொள்வது. 'என்னை யாருமே கண்டுக்கிறதில்லை' என்று ஏங்கும் பெண், நிஜமாகவே யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடுவாள். 'அந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு அவன் ஆளே மாறிட்டான்' என்று அழும் காதலியின் காதலனுக்கு, அந்த ராத்திரியோடு உண்மையிலேயே ஆன்மா தொலைந்துவிடும். மந்திரமும் பேயும் வெளிவேஷம். உள்ளே இருப்பது வகுப்பறை.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் யாருக்கு எவ்வளவு மவுசு என்பது ரகசியமில்லை. அதை அளந்து காட்டவே அங்கே சடங்குகள் இருக்கின்றன. ஆண்டுக்கொரு முறை ஓட்டுப் போட்டு 'ஹோம்கமிங்' ராணியைத் தேர்ந்தெடுப்பார்கள். விளையாட்டு வீரன் பள்ளியின் எழுத்துப் பொறித்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு திரிவான். சியர்லீடர் அணியில் இடம் கிடைத்தவளுக்குச் சாப்பாட்டு ஹாலில் தனி மேஜை. ஆண்டு மலரில் எத்தனை பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள் என்பதும் கணக்கு. கடைசியில் 'ப்ராம்' என்கிற விருந்துக்கு யார் யாரோடு வருகிறார்கள் என்பது பெரிய கணக்கு. இந்த ஏணியில் கீழே நிற்கிற ஒருவனுக்கு மந்திரம் தெரிந்தால் என்ன ஆகும்? தொடர் முழுக்கத் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி இதுதான்.

கிணறு வெட்டக் கிளம்பிய பூதம்

1998 பிப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை இரவு. காதலர் தினத்துக்கு நாலு நாள் முன்னால் ஒளிபரப்பான இரண்டாவது சீசனின் 16-ஆவது அத்தியாயத்தின் பெயர் 'பிவிச்ட், பாதர்ட் அண்ட் பிவில்டர்ட்'. 1940-இல் வந்த 'பால் ஜோயி' என்ற இசை நாடகத்தின் பாட்டுத் தலைப்பு அது. எழுதியவர் மார்ட்டி நாக்சன்.

சாண்டர், பஃபியின் நண்பன். ஜோக் அடிப்பான், துணிச்சலானவன். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவனை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. கார்டீலியா பணக்கார வீட்டுப் பெண், அழகி, நாக்கில் தேள்கொடுக்கு. அவள் நடந்து வந்தால் பின்னாலேயே ஒரு தோழிப் படை வரும். இவர்கள் இருவருக்கும் காதல். துடைப்பமும் வாளியும் வைக்கும் அறைக்குள் ஒளிந்து ஒளிந்து முத்தம் கொடுத்துக்கொண்டிருந்த வரை பிரச்னை இல்லை. விஷயம் வெளியே வந்ததும் தோழிப் படை கார்டீலியாவை ஓரங்கட்டுகிறது. படைக்குப் புதுத் தலைவியாக ஹார்மனி என்பவள் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

காதலர் தின நடன இரவில் சாண்டர் ஒரு சங்கிலியைப் பரிசாகக் கொடுக்கிறான். இதய வடிவப் பதக்கம் தொங்கும் வெள்ளிச் சங்கிலி. அழகாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டு, அதே மூச்சில் அவனைக் கழற்றிவிடுகிறாள் கார்டீலியா. மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்க அதே பேச்சு. தாழ்வாரத்தில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து அவன் கண்ணில் படுகிறாள் ஏமி. வீட்டுப்பாடம் எழுதாமல் வெற்றுத்தாளை நீட்டி, அதை எழுதிய தாள் என்று ஆசிரியையை நம்பவைக்கும் சின்ன மந்திரக்காரி. 'நீ சூனியக்காரி என்று எல்லோரிடமும் சொல்லிவிடுவேன்' என்று மிரட்டி அவளிடம் வசிய மந்திரம் கேட்கிறான் சாண்டர். காதல் மந்திரம் பொல்லாதது, அதற்கு மனசு சுத்தமாக இருக்கவேண்டும் என்று அவள் எச்சரிக்கிறாள். அவனோ ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறான்: கார்டீலியா தன்மேல் பைத்தியமாக வேண்டும், ஆனபிறகு அவளைக் கழற்றிவிட்டு, தான் பட்ட அவமானத்தை அவளும் படவைக்கவேண்டும்.

இந்த இடத்தைக் கவனிக்காமல் தாண்டிவிடக் கூடாது. வசியம் கேட்டு வருகிறவன் காதலைக் கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் போன மானத்தை நாலு பேர் முன்னால் மீட்கவேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. மந்திரம் போடப்போவது ஒரு பெண்ணின் மனசில். குறி வைத்திருப்பது தாழ்வாரத்தில் சிரித்த கூட்டத்தின்மேல்.

மந்திரத்துக்கு அவளுடைய பொருள் ஏதாவது வேண்டும். கொடுத்த சங்கிலியைத் திருப்பிக் கேட்கிறான். 'அது லாக்கரில் கிடக்கிறது' என்று அலட்சியமாகச் சொல்கிறாள் கார்டீலியா. லாக்கர் கதவைத் திறந்து, அதன் மறைவில், சட்டைக்குள் கழுத்தில் போட்டிருந்த சங்கிலியைக் கழற்றி, அப்போதுதான் உள்ளிருந்து எடுத்ததுபோல அவன் கையில் வைக்கிறாள். சில நொடிக் காட்சி. அவளுக்கு அவன்மேல் இருந்த பிரியம் உண்மை, அதைத் தோழிகள் பார்த்துவிடுவார்களோ என்ற பயமும் உண்மை என்று வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார் நாக்சன். வசியமே தேவைப்படாத ஒருத்திக்குத்தான் இவன் வசியம் வைக்கப் போகிறான்.

மந்திரம் பிசகிவிடுகிறது. கார்டீலியாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றப் பெண்கள் அத்தனை பேருக்கும் பிடித்துக்கொள்கிறது. பஃபி, நெருங்கிய தோழி வில்லோ, மந்திரம் போட்ட ஏமி, ஆசிரியை ஜெனி காலண்டர், பஃபியின் அம்மா ஜாய்ஸ், காட்டேரிப் பெண் ட்ரூசில்லா என்று வரிசை நீள்கிறது. சாண்டர் தாழ்வாரத்தில் நடக்க, ஸ்லோமோஷனில் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவன் வாழ்நாள் கனவு. அந்தக் கனவு ஒருநாள்கூடத் தாங்கவில்லை. வில்லோ கோடரியைத் தூக்குகிறாள். ஜாய்ஸ் கத்தியோடு வருகிறாள். பொறாமையில் ஏமி பஃபியை எலியாக மாற்றிவிடுகிறாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

எலிக்குப் பின்னால் ஒரு சினிமாக் காரணமும் உண்டு. பஃபியாக நடித்த சாரா மிஷெல் கெல்லர், 1998 ஜனவரி 17-இல் நியூயார்க்கில் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கப் போயிருந்தார். கதாநாயகி கையில் இல்லாத நாட்களை ஓர் எலியை வைத்து ஓட்டிவிட்டார்கள்!

சிரிப்புக்கு நடுவே ஒரு காட்சி ஊசிபோலக் குத்துகிறது. ஹார்மனியும் தோழிகளும் கார்டீலியாவைச் சூழ்ந்துகொண்டு சண்டைக்கு இழுக்கிறார்கள். சாண்டரைக் கழற்றிவிட இவளுக்கு என்ன தைரியம் என்று கோபம்! முந்தாநாள் அவனோடு சேர்ந்தாள் என்று ஒதுக்கியவர்களும் இவர்கள்தான். இன்றைக்கு அவனைவிட்டு விலகினாள் என்று அடிக்க வருகிறவர்களும் இவர்கள்தான். இரண்டாவதற்கு மந்திரம் காரணம். முதலாவதற்கு? எந்த மந்திரமும் போடாமலே எல்லோரும் ஒரே மாதிரி நினைத்து, ஒரே மாதிரி வெறுத்து, ஒரே மாதிரி சிரித்தார்களே, அதற்கு என்ன பெயர்? பள்ளிக்கூடத்து மவுசு என்பதே ஒரு வசியம்தான் என்று இந்த அத்தியாயம் பிரசங்கம் பண்ணாமல் காட்டிவிடுகிறது.

கடைசியில் மந்திரம் முறிகிறது. கார்டீலியா தன் படையோடு நடந்து வரும்போது எதிரே சாண்டர். ஹார்மனி வழக்கம்போல அவனைக் குத்திப் பேச, கார்டீலியா நின்று திரும்புகிறாள். நீங்கள் எல்லோரும் ஆட்டுமந்தை, நான் யாரோடு பழகுவது என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்கிற பொருளில் ஒரு வெடி வெடித்துவிட்டு, அவன் கையைக் கோத்துக்கொண்டு நடக்கிறாள். ஊரிலேயே மந்திரம் தீண்டாத ஒரே பெண், எல்லோர் முன்னாலும், தன் மவுசை விலையாகக் கொடுத்து அவனைத் தேர்ந்தெடுக்கிறாள். நடந்து போகும்போதே தான் என்ன செய்துவிட்டோம் என்று பதறுகிறாள் பாருங்கள், அதுதான் கார்டீலியா.

கோப்பைக்குள் இரண்டு கண்கள்

இந்தக் கதைக்கு முன்னோட்டம் தொடரின் மூன்றாவது அத்தியாயத்திலேயே இருக்கிறது. 1997 மார்ச் 17-இல் வந்த 'விட்ச்'. ஏமியின் அம்மா கேத்தரின் ஒருகாலத்தில் சன்னிடேல் பள்ளியின் சியர்லீடர் நட்சத்திரம். பள்ளியின் கண்ணாடி அலமாரியில் அவள் வென்ற கோப்பை இன்னமும் நிற்கிறது. அந்த மவுசை மறுபடி வாழ்ந்துபார்க்க, பெற்ற மகளின் உடம்பையே மந்திரத்தால் பிடுங்கிக்கொள்கிறாள். அணியில் இடம் காலியாகவேண்டும் என்று போட்டிக்கு நிற்கிற பெண்ணின் கையில் தீப்பிடிக்கவைக்கிறாள். கார்டீலியாவின் பார்வையைப் பறிக்கிறாள்.

அவள் ஏவிய மந்திரத்தைக் கண்ணாடி ஒன்றால் அவள்மேலேயே திருப்பிவிடுகிறாள் பஃபி. கேத்தரின் எங்கே போனாள்? கடைசி ஷாட்டில் கேமரா அந்த அலமாரியை நெருங்குகிறது. உலோகச் சியர்லீடர் பொம்மையின் முகத்தில் உயிருள்ள இரண்டு கண்கள் அசைகின்றன. எந்தக் கோப்பைக்காக ஏங்கினாளோ, அதற்குள்ளேயே அடைபட்டுவிட்டாள்.

ஏணியின் அடிப்படியில் இருந்தவள் மார்சி. 1997 மே 19-இல் வந்த அத்தியாயம். வகுப்பில் கையைத் தூக்கினால் ஆசிரியர் பார்ப்பதில்லை. பேசினால் தோழிகள் திரும்புவதில்லை. ஒருநாள் கையே மறைந்துபோகிறது. அவளுடைய ஆண்டு மலரைப் புரட்டினால் எல்லோரும் எழுதியிருப்பது ஒரே வரி: கோடை விடுமுறை நல்லபடி கழியட்டும். முகம் தெரியாதவர்களுக்கு எழுதுகிற சம்பிரதாய வரி. அப்படி எழுதியவர்களில் சாண்டரும் வில்லோவும் உண்டு. தாங்களே ஒதுக்கப்பட்டவர்கள் என்று வருத்தப்படுகிற அதே இருவர். அந்த அத்தியாயத்தில் பஃபியிடம் கார்டீலியா மனம் திறக்கிறாள். சுற்றி ஆள் இருப்பதால் தனிமை போய்விடாது என்கிறாள். பின்னே ஏன் மவுசுக்காக இவ்வளவு பாடுபடுகிறாய் என்று பஃபி கேட்க, தனியாக இருந்து தனிமையில் வாடுவதற்கு இது பரவாயில்லை என்கிறாள். ஏணியின் உச்சிப்படியில் இருப்பவளின் வாக்குமூலம் இது.

ஊரே கொண்டாடிய ஜொனாதன்

ஜொனாதன் என்று குள்ளமான ஒரு மாணவன் பல அத்தியாயங்களில் மூலையில் தென்படுவான். மூன்றாவது சீசனில் 'இயர்ஷாட்' என்ற அத்தியாயத்தில் துப்பாக்கியோடு பள்ளியின் மணிக்கூண்டு ஏறிவிடுகிறான். மற்றவர்களைச் சுடப்போகிறான் என்று பஃபி ஓடுகிறாள். அவன் போனது தன்னைத்தானே சுட்டுக்கொள்ள. எல்லோரும் அவரவர் வலியில் மூழ்கியிருப்பதால்தான் உன் வலி யார் காதிலும் விழவில்லை என்று பேசி அவனை இறக்குகிறாள். 1999 ஏப்ரல் 27-இல் வரவேண்டிய அத்தியாயம் அது. ஒருவாரம் முன்னால், ஏப்ரல் 20-இல் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்துவிட, சேனல் அதை நிறுத்திவைத்து செப்டம்பர் 21-இல்தான் ஒளிபரப்பியது.

அந்த ஜொனாதனுக்கு 2000 ஏப்ரல் 4-இல் ஒரு முழு அத்தியாயம் கிடைத்தது: 'சூப்பர்ஸ்டார்'. ஜேன் எஸ்பென்சன் எழுதியது. படம் தொடங்கும்போதே, வழக்கமான டைட்டில் காட்சிகளுக்கு நடுவே ஜொனாதன் சண்டை போடுகிறான், ஓடுகிறான், கேமராவைப் பார்த்துத் திரும்புகிறான். அவன் போட்ட மந்திரம் தொடரின் தொடக்கத்தையே பிடித்துவிட்டது! ஊரில் அவன்தான் பேய் வேட்டைக்காரன், பாடகன், எழுத்தாளன், 'மேட்ரிக்ஸ்' படத்தின் கதாநாயகன். பஃபியே அவனிடம் யோசனை கேட்டு நிற்கிறாள். சாண்டர் ஒரு பள்ளிக்கூடத்தின் பார்வையைக் கேட்டான். ஜொனாதன் உலகத்தின் பார்வையையே கேட்டுவிட்டான். கணக்கைச் சரிக்கட்ட ஒரு பூதமும் பிறக்கிறது. அவன் எவ்வளவு நல்லவனாகத் தெரிகிறானோ அவ்வளவுக்கு அது கொடியது. அதைக் கொன்றால் மவுசும் போய்விடும். கடைசியில் ஜொனாதன் அதற்கும் துணிகிறான்.

2002 நவம்பர் 5-இல் வந்த 'ஹிம்' அத்தியாயத்தில் வசியம் ஒரு ஜாக்கெட்டில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து அண்ணனுக்கும், அண்ணனிடமிருந்து ஆர்.ஜே. என்ற மாணவனுக்கும் வந்த விளையாட்டு வீரர் ஜாக்கெட். அதை மாட்டியிருக்கும்வரை பெண்கள் மொய்க்கிறார்கள். அதே ஜாக்கெட்டில் ஒருகாலத்தில் பள்ளியையே ஆண்ட அண்ணன், இப்போது யாரும் திரும்பிப் பார்க்காத ஆள். பஃபியின் தங்கை டான் ஆர்.ஜே.வுக்காகத் தண்டவாளத்தில் படுக்கிறாள். பஃபி ராக்கெட் லாஞ்சரோடு தலைமையாசிரியரைக் கொல்லக் கிளம்புகிறாள். சாண்டரும் காட்டேரி ஸ்பைக்கும் தெருவில் ஆர்.ஜே.யை மறித்து ஜாக்கெட்டை உருவிக்கொண்டு ஓட, அதோடு பித்துத் தெளிகிறது. ஆடையில் இருந்த மவுசு, ஆடையோடு போனது.

சிரிப்பு நின்ற இடம்

1998-இல் சாண்டருக்கு மன்னிப்பு சுலபமாகக் கிடைத்துவிட்டது. நூலகர் ஜைல்ஸ் கோபத்தில் கொதித்தார். வில்லோ கொஞ்சநாள் பேசவில்லை. ஆனாலும் முடிவில் அவனுக்குப் பரிசாகக் கார்டீலியாவே கிடைத்தாள். மந்திரத்தில் நடந்தது எல்லாம் அந்தப் பெண்களுக்கு நினைவிருந்தது. அந்த நினைவை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்று தொடர் அதிகம் கேட்கவில்லை.

கேட்டது ஆறாவது சீசனில். வில்லோ அதற்குள் பெரிய மந்திரக்காரி. அவளுக்கு டாரா என்ற காதலி. இருவருக்கும் ஒரு சண்டை. அதை டாரா மறந்துவிடும்படி ஒரு சின்ன மந்திரம் போடுகிறாள் வில்லோ. காதலுக்காகத்தானே செய்தேன் என்பது அவள் நியாயம். விஷயம் தெரிந்ததும் டாரா நொறுங்கிப்போகிறாள். தப்பை வில்லோ மறுபடி செய்யும்போது, பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். 'என்னத்தைப் போட்டு மயக்கினாளோ' என்று நம் ஊரில் அக்கம்பக்கம் பேசுவதுண்டே, அதை இங்கே மயக்கப்பட்டவளே கேட்கிறாள். அதுவும் மயக்கியவளின் முகத்துக்கு நேரே.

அடுத்து 2002 பிப்ரவரி 5-இல் 'டெட் திங்ஸ்'. வாரன் என்பவன் பெண்ணின் சிந்தனையை முடக்கும் கருவி ஒன்றைச் செய்கிறான். அவனைவிட்டுப் பிரிந்துபோன கத்ரீனாமேல் அதைப் பிரயோகித்து, பணிப்பெண் உடை மாட்டவைத்து, 'எஜமானரே' என்று கூப்பிடவைக்கிறான். கூட நிற்கும் இரண்டு நண்பர்களுக்கும் அது விளையாட்டு. நேயர்களுக்கும் சில நிமிடம் அப்படித்தான் தெரியும். இதே தொடர் நாலு வருடம் முன்னால் இப்படிப்பட்ட காட்சிக்குச் சிரிக்கப் பழக்கியிருக்கிறதே! கருவியின் வேகம் குறைந்து கத்ரீனாவுக்குச் சுயநினைவு திரும்புகிறது. தனக்கு நேர்ந்ததற்குப் பெயர் பாலியல் வன்கொடுமை என்று அவள் பளிச்சென்று சொல்கிறாள். நண்பர்கள் இருவர் முகமும் வெளிறிப்போகிறது. அந்த இருவரில் ஒருவன், ஊரையே மந்திரத்தால் தன்னைக் கொண்டாடவைத்த ஜொனாதன். தப்பிக்கப் பார்க்கும் கத்ரீனாவை வாரன் பாட்டிலால் அடிக்க, அவள் செத்துப்போகிறாள்.

கத்ரீனா சொன்ன சொல்லோடு 1998 அத்தியாயத்துக்குத் திரும்பினால், அது பழைய படமாக இருக்காது. மந்திரம் என்று பெயர் இருந்தால் மட்டும் சம்மதம் கேட்காதது மன்னிக்கப்பட்டுவிடுமா? எழுதியவர்களுக்கு முழுத் தெளிவு வந்துவிட்டது என்றும் சொல்லமுடியாது. 'டெட் திங்ஸ்' வந்த ஒன்பதாவது மாதத்தில்தான் அந்த ஜாக்கெட் கதையை மறுபடி நகைச்சுவையாக எடுத்தார்கள்.

திரைக்கு வெளியேயும் அதிகாரம் பற்றிய கேள்வி எழுந்தது. 2021 பிப்ரவரி 10-இல் கார்டீலியாவாக நடித்த கரிஸ்மா கார்ப்பெண்டர், படப்பிடிப்புத் தளங்களில் ஜாஸ் வீடன் தன் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். வசிய மந்திர அத்தியாயம் ஒளிபரப்பாகி அன்றோடு சரியாக 23 வருடம். பஃபியாக நடித்த கெல்லரும், டானாக நடித்த மிஷெல் டிராக்டன்பெர்க்கும் அவர் பக்கம் நின்றார்கள். 2022-இல் பேட்டி கொடுத்த வீடன் சில குற்றச்சாட்டுகளை மறுத்தார். பெண்ணின் விருப்பத்தைப் பற்றி இவ்வளவு பேசிய தொடரை இப்போது பார்ப்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

கழுத்தில் ஒரு மூலிகை

டபிள்யூ.பி., யு.பி.என். இரண்டையும் மூடிவிட்டு 2006-இல் 'சி.டபிள்யூ.' சேனல் வந்தது. 2009 செப்டம்பர் 10-இல் அதில் தொடங்கிய 'த வாம்பயர் டைரீஸ்' தொடரில் காட்டேரிகள் கண்ணைப் பார்த்தே மனிதர்களை ஆட்டிவைக்கும். டேமன் என்ற காட்டேரி, கரோலைன் என்ற மாணவியை அப்படித்தான் தன்வசப்படுத்தி வைத்திருக்கிறான். அவளுக்கும் பள்ளியில் முதலிடம் வேண்டும் என்கிற தவிப்பு. தோழி எலீனாவோடு தன்னை ஒப்பிட்டு மனதுக்குள் புழுங்குகிறவள். எலீனாவுக்கோ அவள் காதலன் ஸ்டெஃபன் மூலிகை அடைத்த சங்கிலியைக் கழுத்தில் போட்டுவிடுகிறான். அது இருக்கும்வரை அவள் மனசை யாரும் திருடமுடியாது. சன்னிடேலில் சங்கிலி வசியத்துக்குக் கருவி. இங்கே அதுவே கவசம். ஆனால் கரோலைனுக்கு நடந்ததை ஓரமாக ஒதுக்கிவிட்டு, டேமனைப் பின்னாளில் காதல் நாயகன் ஆக்கிவிட்டது அந்தத் தொடர். ரசிகர்களிடம் இன்றும் தீராத சண்டை இது.

2015-இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'ஜெசிகா ஜோன்ஸ்' அப்படி நழுவவில்லை. சொன்னதை எல்லாம் செய்யவைக்கும் சக்தி படைத்த கில்கிரேவ், பெரிய ஹோட்டலில் தங்கவைத்தேனே, நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுத்தேனே என்று காதல் பேசுகிறான். ஜெசிகா அதற்குக் கத்ரீனா சொன்ன அதே பெயரைத்தான் வைக்கிறாள்.

மறுத்தவர்கள்

மந்திரம் கேட்டவர்களைப் பார்த்தோம். வேண்டாம் என்றவர்களும் 'பஃபி' தொடரில் உண்டு. வசியத்தில் சிக்கிய பஃபி மழைக்கோட்டை மட்டும் மாட்டிக்கொண்டு நூலகத்தில் வந்து நிற்கும்போது சாண்டர் விலகி நிற்கிறான். வெகுநாளாக அவன் ஏங்கிய பெண். ஆனால் வந்திருப்பது அவள் மனசில்லை என்று அவனுக்குத் தெரியும். மந்திரம் முறிந்தபிறகு பஃபி அதற்காகவே நன்றி சொல்கிறாள். காட்டேரி ஸ்பைக், தன்னைவிட்டுப் போன ட்ரூசில்லாவைத் திரும்பப் பெற வில்லோவைக் கடத்திவந்து வசியம் கேட்கிறான். கடைசியில் மந்திரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு நேரிலேயே போய் மனசை வெல்கிறேன் என்று கிளம்புகிறான். அவன் வெல்ல நினைக்கும் வழி சித்திரவதை என்பது வேறு விஷயம்!

மந்திரத்தை மறுத்தால் நல்லது நடக்கும் என்று இந்தத் தொடர் பொய் சொல்வதில்லை. மவுசைத் தூக்கிப்போட்டு சாண்டரின் கையைப் பிடித்த கார்டீலியாவுக்குக் கிடைத்தது என்ன? அதே 1998 நவம்பர் 24-இல் வந்த அத்தியாயத்தில், அவன் வில்லோவை முத்தமிடுவதை அவள் கண்ணாலேயே பார்க்கிறாள். ஓடிவரும்போது படிக்கட்டு உடைந்து விழுந்து உடம்பில் கம்பி குத்துகிறது. தோழிகளும் போனார்கள், காதலனும் போனான். மனிதர் தேர்ந்தெடுக்கிற காதலில் இந்த ஆபத்து இருக்கத்தான் செய்யும். ஆபத்தே வேண்டாம் என்பவர்கள்தான் மந்திரம் தேடிப் போகிறார்கள்.

1999 மே 11-இல் வந்த 'த ப்ராம்' அத்தியாயத்தில் இந்தக் கணக்கு வேறு விதமாகத் தீர்கிறது. வரிப் பிரச்னையில் அப்பாவின் சொத்து எல்லாம் போய், துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள் கார்டீலியா. விருந்துக்கு உடுத்திப்போக எடுத்துவைத்த கவுனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறாள். மிச்சப் பணத்தைச் சாண்டர் கட்டிவிடுகிறான். தோழர்களிடம்கூட மூச்சுவிடவில்லை. நாலு பேர் பார்க்கவேண்டும் என்று மந்திரம் கேட்டவன், யாரும் பார்க்காத இடத்தில் செய்த காரியம் இது.

அதே விருந்தில் மேடையேறுகிறான் ஜொனாதன். ஹோம்கமிங் ராணிப் பட்டத்துக்குப் போட்டியிட்டுத் தோற்ற பஃபிக்கு, வகுப்பு மாணவர்கள் தாங்களாகவே ஒரு புது விருதை உண்டாக்கியிருக்கிறார்கள். சன்னிடேல் பள்ளி வரலாற்றில் மிகக் குறைவான சாவுகளோடு படிப்பை முடிக்கும் வகுப்பு இதுதான், அதற்குக் காரணம் நீ என்று சொல்லி ஒரு குடையைப் பரிசளிக்கிறார்கள். இத்தனை காலம் அவள் செய்ததை அவர்கள் கவனித்து வந்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிகிறது. உண்மையான மதிப்பு எப்படி வருகிறது என்பதை ஜொனாதன் அவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்தான், அறிவித்ததே அவன்தான். ஓராண்டு முடிவதற்குள் அதே மதிப்பைத் தனக்குக் குறுக்குவழியில் வரவழைக்க மந்திரப் புத்தகத்தைத் திறந்தான். மூன்றாவது ஆண்டில் வாரனின் பக்கத்தில் நின்றான்.

மந்திரக் கதையின் முழு வளைவும் இந்த ஒரு பையனுக்குள் இருக்கிறது. அவன் கெட்டவனாகப் பிறக்கவில்லை. யாராவது என்னைப் பார்க்கமாட்டார்களா என்று ஏங்கியவன்தான். அந்த ஏக்கம் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. ஆனால் 'என்னைப் பார்' என்பதற்கும் 'பார்த்தே ஆகவேண்டும்' என்பதற்கும் நடுவில் இன்னொரு ஆளின் விருப்பம் நிற்கிறது. அதைத் தாண்டிக் குதிக்கத்தான் மந்திரம் தேவைப்படுகிறது. அதனால், வளர்ந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து 'பஃபி' பார்க்க நினைப்பவர்கள் காதலர் தின அத்தியாயத்தோடு டி.வி.யை அணைத்துவிட வேண்டாம். 'டெட் திங்ஸ்' வரை பாருங்கள். முதலாவதில் எதற்கெல்லாம் சிரித்தோம் என்று அது திருப்பிக் கேட்கும். பதிலைப் பிள்ளைகளோடு சேர்ந்தே தேடலாம்.